ஜப்பானியப் பச்சைத் தேயிலைகளின் சுவையை ஒப்பிட்டு அறியும் முறை

ஜப்பானில் விளையும் பச்சைத் தேயிலை வகைகள் அனைத்தும் கமேலியா சைனென்சிஸ் என்ற ஒரே செடியிலிருந்து வருகின்றன. அப்படியிருந்தும் நிழலில் வளர்த்த கியோகுரோவில் ஒரு மிடறும் வறுத்த ஹோஜிச்சாவில் ஒரு மிடறும் குடித்துப் பார்த்தால், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரு பானங்களாகத் தோன்றும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைத் தம் நாக்கினாலேயே கண்டறிய விரும்புவோருக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

நான்கைந்து பொட்டலங்களை வாங்கி, வரிசையாக வடித்து, மாறி மாறிக் குடித்தால் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். ஏன் என்பது தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற அனைத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். வெந்நீரின் சூடு, ஆவியில் அவித்த நேரம், செடியை நிழலில் வளர்த்த நாட்கள், இலையை வறுத்த அளவு ஆகிய ஒவ்வொன்றும் சுவையை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

நாக்கு எதைத் தேட வேண்டும்

ஜப்பானியத் தேநீரைச் சுவைத்து மதிப்பிடுவோர் முக்கியமாகக் கவனிப்பவை உமாமி, இனிப்பு, துவர்ப்பு, கசப்பு ஆகிய நான்கு. துவர்ப்பையும் கசப்பையும் வேறு வேறாக அறியும் பழக்கம் நமக்குச் சிறு வயதிலிருந்தே இருப்பதால், பாதி வேலை எளிதாகிவிடுகிறது. தேநீரை விழுங்கிய பின் ஈறும் கன்னத்தின் உட்புறமும் இறுகி உலர்வது போல இருந்தால் அது துவர்ப்பு. இலையில் உள்ள கேட்டகின்கள் என்ற சேர்மங்களால் அது உண்டாகிறது. கசப்பில் காஃபீனுக்கும் சில கேட்டகின்களுக்கும் பங்கு உண்டு.

உமாமியைத்தான் சற்றுப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும். மாசிக் கருவாடு போட்டுக் கொதித்த குழம்பில், உப்பையும் புளியையும் காரத்தையும் தாண்டி நாக்கில் தங்கி நிற்கும் ஒரு நிறைவு இருக்கிறதே, அதே சுவைதான் இது. கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து இந்தச் சுவைக்குக் காரணமான குளுட்டாமிக் அமிலத்தை இகேடா கிகுனாயே என்ற ஜப்பானிய வேதியியலாளர் 1908இல் பிரித்தெடுத்தார். தேயிலையில் குளுட்டாமிக் அமிலத்துடன் தியனைன் என்ற இன்னோர் அமினோ அமிலமும் சேர்ந்து உமாமியையும் மென்மையான இனிப்பையும் தருகிறது.

இவற்றில் நினைவில் நிறுத்திக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமினோ அமிலங்கள் சூடு குறைந்த நீரிலும் எளிதில் கரைந்து வெளிவரும். கேட்டகின்களும் காஃபீனும் நீரின் சூடு ஏற ஏற மிகுதியாக இறங்கும். கீழே சொல்லப்போகும் ஒப்பீடுகள் பலவும் இந்த ஓர் இயல்பைச் சார்ந்தே அமைந்துள்ளன.

தேவையான பொருள்கள்

ஒரே அளவுள்ள வெள்ளைப் பீங்கான் கோப்பைகள், 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு, வெப்பமானி, கைப்பேசியிலுள்ள நேரங்காட்டி, கண் நெருக்கமான வடிகட்டி ஆகியவை போதும். கியூசு எனப்படும் பக்கவாட்டுக் கைப்பிடி கொண்ட ஜப்பானியத் தேநீர்க் குடுவை இருந்தால் நல்லதுதான். ஆனால் ஒப்பிடும்போது இரண்டு தேநீருக்கும் ஒரே வகைக் கலம் இருக்க வேண்டும் என்பதால், எல்லாவற்றுக்கும் பீங்கானைப் பயன்படுத்துவதே சரி. வெள்ளைக் கோப்பையில்தான் தேநீரின் நிறமும் தெளிவாகத் தெரியும். ஜப்பானில் தொழில்முறையாகத் தேயிலையைத் தரம் பார்ப்பவர்களும் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் இலையை இட்டுக் கொதிநீரை ஊற்றித்தான் பார்க்கிறார்கள். இலையில் ஏதேனும் குறை இருந்தால் கொதிநீர் அதை ஒளிக்காது என்பதே அதற்குக் காரணம்.

இலையைக் கரண்டியால் அளக்கக் கூடாது. நெடுநேரம் ஆவியில் அவித்த ஃபுகமுஷி சென்சா தூளாகவும் அடர்த்தியாகவும் இருக்கும். முற்றிய இலையாலான பான்ச்சாவும் ஹோஜிச்சாவும் உப்பலாக, காற்றுப் போல லேசாக இருக்கும். ஒரே கரண்டியில் அள்ளினால் எடை இரண்டு மடங்குகூட மாறிவிடும் என்பதால், கரண்டிக் கணக்கில் செய்த ஒப்பீடு பயன்படாது.

தண்ணீரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஜப்பானின் குடிநீர் பெரும்பாலும் மென்னீர். அந்தத் தேயிலைகளும் அந்த நீருக்கு ஏற்பவே உருவானவை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கால்சியம் மிகுந்த கடின நீராக இருப்பதால், அதில் வடித்த தேநீரின் நிறம் மங்கும், மணம் அடங்கும், உமாமி தட்டையாகிவிடும். வீட்டிலுள்ள ஆர்.ஓ. நீரோ கேன் தண்ணீரோ போதும்; எல்லாக் கோப்பைகளுக்கும் அதே நீர் என்பதுதான் முக்கியம். கொதிக்க வைத்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றினால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 5 முதல் 10 டிகிரி வரை சூடு குறையும். ஜப்பானில் இதற்கென்றே யுசமாஷி என்ற மூக்கு வைத்த கிண்ணம் உண்டு. நம் வீட்டில் இரண்டு டம்ளர்களைக் கொண்டு ஆற்றிக்கொள்ளலாம்.

காலை வேளையில், காரமான உணவுக்கு முன் இதைச் செய்வது நல்லது. அடுப்பில் தாளிப்பு மணமோ அறையில் ஊதுபத்தி மணமோ இருந்தால் தேயிலையின் மணம் பிடிபடாது. பல கோப்பைகளைப் பார்க்க நேரும் என்பதால் மாலையில் தொடங்கினால் காஃபீன் தூக்கத்தைக் கெடுக்கும்.

முதல் ஒப்பீடு: ஒரே தேயிலை, இரண்டு சூடு

வெவ்வேறு தேயிலைகளை ஒப்பிடுவதற்கு முன், ஒரே சென்சாவை இரண்டு சூடுகளில் வடித்துப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு மேலே செல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பச்சைத் தேநீர் என்றாலே கசப்பு என்று ஒதுக்கியவர்களில் பெரும்பாலோர், கொதிக்கும் நீரில் நெடுநேரம் ஊறியதை மட்டுமே குடித்தவர்கள்.

சென்சா என்பது வெயிலில் வளர்ந்த இலையைப் பறித்தவுடன் ஆவியில் அவித்து, உருட்டி, ஊசி போல உலர்த்தியது. ஜப்பானியர் அன்றாடம் குடிக்கும் பச்சைத் தேயிலைகளில் இதுவே முதன்மையானது. இரண்டு கோப்பைகளில் தலா 4 கிராம் சென்சாவை இடுங்கள். ஒன்றில் 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரும் மற்றொன்றில் 90 டிகிரி நீரும் தலா 120 மில்லி ஊற்றி, இரண்டையும் ஒன்றரை நிமிடத்தில் கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள். கோப்பையில் நீர் தங்கினால் இலை ஊறிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை வடிப்பது கெட்டுவிடும்.

இரண்டும் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, 60 டிகிரிக் கோப்பையை முதலில் சுவையுங்கள். வாயில் வைத்தவுடன் மென்மையான இனிப்பும், அதன் அடியில் உமாமியும் தெரியும்; மணம் சற்று அடங்கியே இருக்கும். பிறகு 90 டிகிரிக் கோப்பை. இதில் மணம் மூக்கில் ஏறும், நிறம் கூடும், விழுங்கியவுடன் நாக்கின் மேல் துவர்ப்பு படரும், கசப்பும் பின்தொடரும். இலை ஒன்று, எடை ஒன்று, நேரமும் ஒன்று. மாறியது சூடு மட்டுமே. இரண்டில் ஒன்று சரி, மற்றொன்று தவறு என்று எண்ண வேண்டாம். உணவுக்குப் பின் வாயைத் துலக்கியது போன்ற துவர்ப்பை விரும்புகிறவர்கள் சூடான நீரையே நாடுகிறார்கள். பொதுவாகச் சென்சாவுக்கு 70 முதல் 80 டிகிரி வரை பரிந்துரைப்பது, இந்த இரு முனைகளுக்கும் இடையில் மணமும் இனிப்பும் துவர்ப்பும் ஒன்றை ஒன்று அமுக்காத இடம் அது என்பதால்தான்.

ஆவியில் அவித்த நேரம்

பறித்த இலையிலுள்ள நொதிகளைச் சூட்டினால் செயலிழக்கச் செய்யாவிட்டால் இலை கறுத்துக் கறுப்புத் தேயிலையின் பாதையில் போய்விடும். சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வாட்டி இதைச் செய்கிறார்கள். ஜப்பானில் ஆவியில் அவிக்கிறார்கள். ஜப்பானியப் பச்சைத் தேநீரில் வரும் பசும்புல்லும் கடற்பாசியும் கலந்த மணத்துக்கு இந்த ஆவி முறையே பெருங்காரணம். கியோட்டோவுக்கு அருகிலுள்ள உஜிதவாராவைச் சேர்ந்த நாகதானி சோயென், ஆவியில் அவித்த இளந்தளிரை உருட்டி உலர்த்தும் முறையை 1738இல் செம்மைப்படுத்தியதிலிருந்துதான் இன்றைய சென்சா தொடங்குகிறது என்பார்கள்.

வழக்கமான சென்சாவை ஏறத்தாழ 30 முதல் 40 நொடிகள் அவிப்பார்கள். அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் அவித்தது ஃபுகமுஷி சென்சா. ஷிசுவோகா மாநிலத்தின் மகினோஹரா மேட்டுநிலத்தில் நல்ல வெயிலில் வளரும் இலை தடித்தும் துவர்ப்பு மிகுந்தும் இருந்ததால், அந்தத் துவர்ப்பைத் தணிக்க நீண்ட நேரம் அவிக்கும் முறை அங்கே வேரூன்றியது. அதே ஷிசுவோகாவின் மலைப்பகுதிகளான கவானே, தென்ரியூ, ஹோன்யமா ஆகிய இடங்களில் இலை மெல்லியது, மணம் மிக்கது. அங்கே அதிக நேரம் அவிக்காமல் விடுவதே மரபு. ஆகவே ஒரு மலைப்பகுதிச் சென்சாவையும் மகினோஹராவின் ஃபுகமுஷியையும் அருகருகே வைத்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

முதலில் இலையை வெள்ளைக் காகிதத்தில் கொட்டிப் பாருங்கள். குறைவாக அவித்தது ஊசி ஊசியாக, கரும்பச்சையில் மினுமினுக்கும். ஃபுகமுஷி உடைந்து, தூளும் துகளுமாக இருக்கும். இரண்டையும் 4 கிராம், 120 மில்லி, 75 டிகிரி, 1 நிமிடம் என்று ஒரே அளவில் வடியுங்கள். முன்னது பொன்மஞ்சள் கலந்த தெளிந்த பச்சையாக, கோப்பையின் அடி தெரியும்படி இறங்கும். பின்னது கலங்கிய அடர்பச்சை; நுண்துகள்கள் நீரோடு சேர்ந்து வருவதால் அப்படி இருக்கிறது. அந்தத் துகள்களால்தான் வாயில் கெட்டித்தன்மையும் வழவழப்பும் தெரிகின்றன. ஃபுகமுஷியில் துவர்ப்பு தணிந்து உமாமி முன்னே நிற்கும்; ஆனால் மலைத் தேயிலையின் நுட்பமான பூ மணம் இதில் கிடைக்காது. துகளான இலை விரைவாக இறங்குவதால், இரண்டாம் சுற்றில் ஃபுகமுஷிக்கு 30 முதல் 45 நொடிகள் மட்டும் கொடுத்து மீண்டும் ஒப்பிடுங்கள். முதல் சுற்றில் அதற்கு நேர்ந்த அநீதி சரியாகும்.

நிழலில் வளர்ந்தவை

எல்லா ஒப்பீடுகளிலும் வியப்பு மிகுந்தது இதுதான். தியனைன் தேயிலைச் செடியின் வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது. வெயில் பட்டால் அது கேட்டகின்களாக மாறும். செடியின் மேல் திரையிட்டு வெயிலை மறைத்தால் அந்த மாற்றம் குறைந்து, உமாமி இலையிலேயே தங்குகிறது. குறைந்த ஒளியை ஈடுகட்டச் செடி பச்சையத்தைக் கூட்டிக்கொள்வதால் இலை கரும்பச்சையாகிறது. பறிப்பதற்கு முன் ஒன்று முதல் இரண்டு வாரம் வரை மறைத்தது கபுசேச்சா. மியே மாநிலம் இதற்குப் பெயர்பெற்றது. ஏறத்தாழ 20 நாட்களோ அதற்கு மேலோ மறைத்தது கியோகுரோ. முன்பெல்லாம் நாணல் தட்டியும் வைக்கோலும் பரப்பி மறைத்தார்கள். இன்று பெரும்பாலான தோட்டங்களில் கறுப்புச் செயற்கைத் துணி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

சென்சா, கபுசேச்சா, கியோகுரோ மூன்றையும் முதலில் 4 கிராம், 120 மில்லி, 70 டிகிரி, ஒன்றரை நிமிடம் என்று ஒன்றுபோல வடித்து, இந்த வரிசையிலேயே சுவைக்க வேண்டும். கியோகுரோவை முதலில் குடித்துவிட்டால் அதன் உமாமி நாக்கில் தங்கி, சென்சாவை வெறும் நீராகக் காட்டிவிடும். சென்சாவிலிருந்து கியோகுரோவுக்குப் போகப்போகத் துவர்ப்பு விலகி உமாமி தடிப்பதையும், நோரி எனப்படும் வறுத்த கடற்பாசித் தாளை நினைவூட்டும் ஒரு மணம் எழுவதையும் காண்பீர்கள். ஓயிகா என்று ஜப்பானியர் சொல்லும் நிழலின் மணம் அது. டைமெதில் சல்பைடு என்ற சேர்மத்துக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு.

அடுத்து கியோகுரோவை அதற்குரிய முறையில் தனியாக வடியுங்கள். சிறு கிண்ணத்தில் 5 கிராம் இலையைப் பரப்பி, 50 டிகிரிக்கு ஆற்றிய நீரை 50 மில்லி மட்டும், இலை நனையும் அளவுக்கு ஓரத்திலிருந்து மெதுவாக ஊற்ற வேண்டும். இரண்டு நிமிடம் அசைக்காமல் விட்டால், இறுகிச் சுருண்டிருந்த இலைகள் நீரை உறிஞ்சி மெல்லப் பிரியும். வடிக்கும்போது தொடக்கத்தில் இழையாக வரும்; பிறகு சொட்டுச் சொட்டாக மாறும். அந்தக் கடைசிச் சொட்டுகளில்தான் சுவை மிகவும் செறிந்திருக்கிறது என்பதால் பொறுமையாகக் காத்திருங்கள். கிடைப்பது மூன்று நான்கு சிறு மிடறு அளவுதான். அதை விழுங்காமல் நாக்கின் மேல் சிறிது நேரம் வைத்திருங்கள். தேநீர் என்பதைவிட, எண்ணெய்ப் பசை போன்ற கனத்துடன், இனிப்பும் உப்பும் கலந்த ஒரு சாறு என்றே தோன்றும். விழுங்கி வெகு நேரம் கழித்தும் தொண்டையில் அதன் சுவை தங்கியிருக்கும். பெரிய கோப்பை நிறையக் குடிக்க நினைப்பவருக்கு இது ஏமாற்றமளிக்கலாம். இது தாகத்துக்கான பானம் அல்ல.

உஜியும், ஃபுகுவோகா மாநிலத்தின் யாமேயும் கியோகுரோவுக்குப் புகழ்பெற்ற இரு ஊர்கள். வடித்து முடிந்த இலையை எறிய வேண்டாம். அதன் மேல் சில சொட்டு சோயா சாஸ் விட்டுக் கீரை போலச் சாப்பிடும் வழக்கம் ஜப்பானில் உண்டு. நீரில் இறங்காத துவர்ப்பு எவ்வளவு இலையிலேயே தங்கியிருந்தது என்பதும் அப்போது தெரியவரும்.

தண்டு, முற்றிய இலை, வறுத்தது

இவற்றை வேறொரு நாளில் வைத்துக்கொள்வது நல்லது. வறுத்த மணம் அறையை நிறைத்துவிட்டால் சென்சாவின் பசுமணத்தை மூக்கு தவறவிடும்.

தண்டையும் காம்பையும் பிரித்துச் செய்வது குகிச்சா. தண்டில் தியனைன் நல்ல அளவில் இருப்பதாலும் துவர்ப்பு குறைவாக இருப்பதாலும், விலைக்கு மீறிய இனிப்பைத் தருகிறது. விலைதான் தரத்தின் அளவுகோல் என்று நம்புகிறவர்கள் இதை ஒருமுறை நடுத்தரச் சென்சாவின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பான்ச்சா என்பது பிந்திய பறிப்புகளில் கிடைக்கும் முற்றிய இலை. உமாமி குறைவு, சுவை எளிமையானது, கொதிநீரைத் தாங்கும். பான்ச்சாவையோ தண்டையோ அதிகச் சூட்டில் வறுத்தால் ஹோஜிச்சா. வறுக்கும்போது இலை பழுப்பாகிறது; அப்போது உருவாகும் பைரசின் வகைச் சேர்மங்கள் வறுத்த மணத்தைத் தருகின்றன. துவர்ப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். பான்ச்சா, ஹோஜிச்சா, வறுத்த அரிசி கலந்த கென்மைச்சா மூன்றையும் தலா 3 கிராம் எடுத்து, 150 மில்லி கொதிநீரில் 30 நொடி மட்டும் ஊறவிட்டு ஒப்பிடுங்கள். இங்கே நாக்கைவிட மூக்குக்கே வேலை அதிகம். சூடாக இருக்கும்போதே முகர்ந்துவிட வேண்டும். ஆறிய ஹோஜிச்சாவில் பாதி மணம் போய்விடும்.

வாணலியில் வாட்டும் முறை ஜப்பானில் முழுதாக மறைந்துவிடவில்லை. சாகா மாநிலத்தின் உரேஷினோவிலும் மியாசாகியின் மலையூர்களிலும் இன்றும் கமைரிச்சா செய்கிறார்கள். சுருண்ட இலை, மஞ்சள் கலந்த தெளிந்த நீர், பசும்புல் மணத்துக்குப் பதிலாக இளவறுப்பு மணம். சென்சாவின் அருகில் வைத்தால் ஆவி என்ன செய்கிறது என்பது இன்னும் தெளிவாகும்.

மாட்சாவை இந்த வரிசைகளில் சேர்க்க வேண்டாம். நிழலில் வளர்த்து, உருட்டாமல் உலர்த்தி, நரம்பும் தண்டும் நீக்கி அரைத்த பொடியை முழுதாகவே குடிப்பதால், வடித்த தேநீரோடு அதை நேராக ஒப்பிட முடியாது. இரண்டு மாட்சாக்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். தலா 2 கிராமைச் சலித்து, 80 டிகிரி நீர் 70 மில்லியில் மூங்கில் துடைப்பத்தால் நுரைக்க அடித்து, பாலும் சர்க்கரையும் இல்லாமல் பாருங்கள். நல்லது துலக்கமான பச்சையாக இருக்கும், கசப்பு உமாமிக்குப் பின்னால் வரும். மஞ்சளோ பழுப்போ கலந்த பச்சையாக இருந்தால் கசப்பே முதலில் வரும்.

செடியின் ரகம்

மேற்சொன்னவை பழகிய பிறகே ரகங்களை ஒப்பிட முயல வேண்டும். வேறுபாடு அவ்வளவு நுட்பமானது. ஜப்பானின் தோட்டங்களில் நெடுங்காலமாக ஆட்சி செலுத்தும் ரகம் யாபுகிடா. ஷிசுவோகாவைச் சேர்ந்த சுகியாமா ஹிகோசபுரோ அதைத் தேர்ந்தெடுத்ததும், இகேடா குளுட்டாமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்த அதே 1908இல்தான். உமாமியும் துவர்ப்பும் சமநிலையில் நிற்பதால் மற்ற ரகங்களை அளக்க யாபுகிடாவே ஏற்ற அடிப்படை. அதனருகில், யாபுகிடாவையும் அசட்சுயுவையும் கலந்து உருவாக்கிய சாயேமிடோரியை வையுங்கள். நிறம் துலக்கமாகவும், துவர்ப்பு மெல்லியதாகவும், இனிப்பு முன்னதாகவும் இருக்கும். தெற்கே ககோஷிமாவில் இது பெருமளவில் விளைகிறது. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த ஷிசுவோகாவைத் தேயிலை உற்பத்தியில் 2024இல் முந்திய மாநிலம் அது. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பல தோட்டங்களின் இலையைக் கலந்தவை என்பதால், ஒரே ரகம் என்று பொட்டலத்தில் குறிப்பிட்டுள்ளவற்றையே இதற்கு வாங்க வேண்டும்.

குறிப்பெடுத்தலும் இலையைப் பாதுகாத்தலும்

ஒவ்வொரு கோப்பைக்கும் உலர்ந்த இலையின் மணம், நனைந்த இலையின் மணம், நீரின் நிறம், முதல் சுவை, விழுங்கிய பின் தங்கும் சுவை என்று ஐந்து வரிகள் எழுதிக்கொள்ளுங்கள். நனைந்த இலையைத் தவறாமல் முகர வேண்டும். தேநீரில் ஒளிந்திருக்கும் மணம் அதில் வெளிப்படையாகத் தெரியும். கோப்பைகளின் அடியில் அடையாளமிட்டு, வீட்டில் ஒருவரை இடம் மாற்றி வைக்கச் சொன்னால், விலையும் பெயரும் நம் தீர்ப்பைச் சாய்க்காமல் இருக்கும். அதே இலையில் இரண்டாம் முறையும் வடித்துப் பாருங்கள். நீரைச் சற்றுச் சூடாக்கி, 10 முதல் 15 நொடியில் வடித்தால் போதும். உமாமி முதல் முறையிலேயே பெருமளவு இறங்கிவிடுவதால், இரண்டாம் முறையில் துவர்ப்பும் புத்துணர்வும் மேலோங்கும்.

ஒப்பிடும் இரண்டு தேயிலைகளில் ஒன்று புதியதாகவும் மற்றொன்று பழையதாகவும் இருந்தால் ஒப்பீடே பிழையாகிவிடும். முதல் பறிப்பு ஏப்ரல், மே மாதங்களில் நடப்பதால், பறித்த ஆண்டு இரண்டு பொட்டலங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒளி, காற்று, ஈரம் மூன்றும் பச்சைத் தேயிலையைக் கெடுப்பவை. நம் ஊர் வெக்கையில், திறந்த பொட்டலத்தை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. திறக்காத பொட்டலங்களைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்தவுடன் பிரிக்காமல், அறையின் வெப்பநிலைக்கு வரும் வரை சில மணி நேரம் மூடியபடியே விட்டு, அதன் பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த இலையின் மேல் வியர்த்துப் படிந்து, மணத்தை விரைவில் மங்கச் செய்துவிடும்.